தாலிக்குப் பிறகு ஒட்டிய முகம்

எங்கள் ஊர் ஆசிரமத்துக்கு எதிர்ச் சந்தில் ஒரு காபிக் கடை இருக்கிறது. வந்து தங்கிப்போகிற வெளிநாட்டுக்காரர்கள் படித்து முடித்த புத்தகங்களை அங்கே அலமாரியில் விட்டுவிட்டுப் போவார்கள். அப்படிக் கிடந்த ஒரு சினிமாப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. ஒரு பக்கத்தில் ஒரே ஆளின் முகம் மூன்று முறை அச்சாகியிருந்தது. முகத்துக்கு ஒன்றாகப் பக்கத்தில் ஒரு கிண்ணம் சூப், ஒரு சவப்பெட்டி, பொம்மையோடு ஒரு குழந்தை. எனக்கு அந்த நடிகர் தெரியவில்லை. என் மாமாதான் தெரிந்தார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கீழ்பென்னாத்தூரில் நெல்லும், மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் போடுகிறவர். என் அக்காவைத் தன் மகனுக்குக் கட்டிவைக்க வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை. அக்கா தன்னோடு வேலை பார்த்தவரைக் கட்டிக்கொண்டாள். ஆனாலும் மாமா தாய்மாமன் சீரைக் குறையில்லாமல் செய்தார். பந்தி மேற்பார்வையும் அவர்தான்.

கல்யாண வீடியோவை எடிட் செய்தது நான். காலேஜில் விஷுவல் கம்யூனிகேஷன் படித்த கொழுப்பு. தாலி கட்டியாயிற்று, அட்சதை விழுகிறது, மேளம் உச்சத்தில் இருக்கிறது. அங்கே ஒரு குளோசப் வேண்டுமே என்று தேடினேன். மாமாவின் முகம் கிடைத்தது. கண் சுருங்கி, உதடு இறுகி, அசையாமல் நாலு நொடி. வெட்டி ஒட்டினேன். தாளத்தில் கச்சிதமாக விழுந்தது. பெருமையாகக்கூட இருந்தது.

வேங்கிக்காலில் எங்கள் வீட்டு ஹாலில் சொந்தக்காரர்கள் கூடி அதைப் பார்த்தார்கள். அந்த முகம் வந்ததும் சித்தி, "பாத்தீங்களா, இன்னும் மனசுலயே வெச்சிக்கினு இருக்காரு" என்றாள். பெரியப்பா, "பையனுக்குக் குடுக்கலைன்னு கடுப்பு ஜாஸ்திதான்" என்று சிரித்தார். மாமாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து போனார். அப்புறம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு வளைகாப்பு. தாய்மாமன் இல்லாமல் எப்படி என்று அம்மா புலம்பிக்கொண்டே இருக்கிறாள்.

புத்தகத்தில் அந்த நடிகரின் முகத்தை அப்படி ஒட்டிப் பார்த்தவர் ரஷ்யாவின் ஆரம்பகால இயக்குநர்களில் ஒருவர். படத்துக்கு செட் வரைகிற வேலைக்கு வந்தபோது என்னைவிடச் சின்ன வயது. புரட்சிக்குப் பிறகு ஃபிலிமே கிடைக்காத காலத்தில், ஃபிலிம் இல்லாமலே படம் எடுப்பதுபோல மாணவர்களை நடிக்கவைத்துப் பழக்கியிருக்கிறார். கிடைத்த பழைய துண்டுகளை வெட்டி ஒட்டிப் பார்த்திருக்கிறார். ஒரே முகத்தை சூப்புக்குப் பிறகு வைத்தால், பார்த்தவர்கள் பசி என்றார்களாம். சவப்பெட்டிக்குப் பிறகு வைத்தால் துக்கமாம். கடைசிக் காலத்தில் படம் எடுக்க வழியில்லாமல் பாடம் மட்டும் நடத்தினார். அந்தச் சோதனைத் துண்டும் தொலைந்துவிட்டது. ஆனால் அவர் கண்டுபிடித்ததை, அவர் யாரென்றே தெரியாமல், நான் எங்கள் வீட்டு ஹாலில் செய்து முடித்திருந்தேன்.

அன்றைக்கே கல்யாண ஷாட்டுகள் இருந்த ஹார்டு டிஸ்க்கில் தேடினேன். அந்த நாலு நொடி, தாலிக்கு இரண்டு மணி நேரம் முன்பு எடுத்தது. முழு ஷாட் நாற்பது நொடி. மாமா விறகு அடுப்புப் பக்கத்தில் நிற்கிறார். புகை திரும்பி முகத்தில் அடிக்கிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாப்ள வீட்டுக்காரங்களுக்கு மொதல்ல போடுப்பா, பாயசம் கம்மியாயிடப் போகுது" என்று கத்துகிறார்.

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். மாமா களத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க டைரக்டரம்மா. இன்னிக்கு யார் மூஞ்ச ஒட்டப் போறீங்க?"

நாற்பது நொடியையும் காட்டினேன். இரண்டு முறை பார்த்தார்.

"பொகைதான மாமா? அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"எங்க போய் சொல்றது? நாலு பேர் பாத்துட்டாங்க. பொகைன்னு சொன்னா சமாளிக்கிறான்னு சொல்லுவாங்க." நெல்லைக் காலால் துழாவினார். "இன்னொண்ணு சொல்லட்டா? தாலி கட்டறப்போ நெஜமா என் மூஞ்சப் புடிச்சிருந்தீன்னா, இதவிட மோசமா இருந்திருக்கும். தூக்கி வளத்த பொண்ணுடி. எனக்கு வருத்தம் இருந்துச்சு. கோவம் இல்ல. அதுங்க ரெண்டையும் ஒண்ணாக்கிட்டாங்க பாரு, அதான் தாங்கல."

ரஷ்ய நடிகரின் முகத்தில் ஒன்றுமே இல்லை என்றுதான் புத்தகம் சொல்கிறது. இருந்திருக்கலாமோ என்று எனக்கு இப்போது சந்தேகம். அந்த ஃபிலிம் துண்டு தொலைந்தே போனதால் யாரும் பார்த்துச் சொல்ல முடியாது. மாமாவுடையது என்னிடம் இருக்கிறது.

"ஞாயித்துக்கெழம வருவீங்களா மாமா?"

"நீ அந்தப் படத்த இன்னா பண்றேன்னு பாத்துட்டுச் சொல்றேன்."

சனிக்கிழமையே சொந்தமெல்லாம் வந்துவிடும். நாற்பது நொடியைச் சும்மா போட்டுக் காட்டினால், "இவதான் எடிட் பண்ற புள்ளையாச்சே, இதையும் ஒட்டியிருப்பா" என்று சித்தி சொல்லிவிடுவாள். அதனால் லேப்டாப்பை டிவியில் இணைத்து, மவுஸை அவள் கையிலேயே கொடுக்கப் போகிறேன். மாமாவின் முகத்தைத் தாலிக்குப் பிறகு ஒரு தடவை, பாயச இலைக்குப் பிறகு ஒரு தடவை, அடுப்புக்குப் பிறகு ஒரு தடவை அவளே ஒட்டிப் பார்க்கட்டும்.