குதிரைப்படைப் பிரபுவின் மூன்று வருடங்கள்

இரண்டாயிரத்தின் தொடக்க வருடங்களில் ஒஸ்லோவில் எனக்குப் பகலில் முதியோர் இல்லத்தில் வேலை, மாலையில் வளர்ந்தோர் பள்ளி. சரித்திர ஆசிரியை ஆளுக்கொரு பழைய மனிதரைக் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொன்னார். எனக்குக் கிடைத்தவர் பதினேழாம் நூற்றாண்டுப் பிரஷ்யப் பிரபு, குதிரைப்படை அதிகாரி.

முதல் பக்கத்திலேயே அந்த ஆளை எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு புத்தகத்தில் ஒரு பிறந்த ஆண்டு, மற்றதில் வேறொன்று. முதலில் போலந்து மன்னரிடம் சேவகம், பிறகு சுவீடன்காரரோடு, கடைசியில் தன் நாட்டுக் கோமகனிடம் கேணல் பதவி. நடுவே மூன்று வருடம் ஆளையே காணோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்ததுபோல இரண்டு புத்தகங்களும் அதைத் தாண்டிப் போயின. பிறகு நொண்டிக்கொண்டு வந்து பண்ணையும் பட்டமும் வாங்கிக்கொள்கிறார்.

மூன்று வருடம் எங்கே இருந்தார் என்று ஆசிரியையிடம் கேட்டேன்.

"காயம் ஆறும்வரை வீட்டில் படுத்திருப்பார். அந்தக் காலத்துப் பதிவுகள் அப்படித்தான்," என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாதம்தான் என் தம்பியின் அகதி விண்ணப்பத்தை நிராகரித்திருந்தார்கள். பிறப்புச் சான்றிதழில் இருப்பதைவிடப் பள்ளிச் சான்றிதழில் அவனுக்கு ஒரு வயது குறைவு. பரீட்சைக்கு வயது தாண்டிவிடும் என்று பயந்து, பள்ளியில் சேர்க்கும்போதே எங்கள் ஊர் அப்பாக்கள் பார்க்கிற வேலை அது. அதுகூடப் பரவாயில்லை. இயக்கத்தின் கையிலிருந்த வன்னியிலிருந்து கொழும்புக்கு வருமுன் மூன்று மாதம் அவன் எங்கே இருந்தான் என்பதற்கு அத்தாட்சி இல்லை. காய்ச்சலோடு பெரியம்மா வீட்டில் கிடந்தானாம். பெரியம்மா இறந்துவிட்டார், கேட்க ஆளில்லை. அவன் சொல்வதை நம்புகிறேன் என்று மேன்முறையீட்டுக்கு நான் ஒரு கடிதம் தரவேண்டும். அது இல்லாவிட்டால் அவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வழக்கறிஞர் இரண்டு முறை கேட்டுவிட்டார். இயக்கத்தில் இருந்திருப்பானோ என்று எனக்கும் ஒரு சந்தேகம்; நான்தான் இழுத்தடித்தேன்.

சனிக்கிழமை, ஒஸ்லோவின் புருசெத் பகுதியில் எங்கள் வீட்டுக் குசினியில் கட்டுரையை முடித்தேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த தம்பி வாசிக்கச் சொன்னான். தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். ஆசிரியை போடும் புள்ளிகளுக்காக, பிரபு மூன்று வருடம் காயத்தோடு படுத்திருந்தார் என்றே எழுதியிருந்தேன். வாசித்து முடித்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"தம்பி, அந்த மூண்டு மாதமும் உண்மையா எங்கை இருந்தனீ?"

"பெரியம்மா வீட்டிலை எண்டு சொன்னனான்தானே, அக்கா."

"காய்ச்சல் மூண்டு மாதம் இருக்குமே?"

அவன் கத்தியை வைத்தான்.

"அந்தக் குதிரைக்காரனுக்கு மூண்டு வருசம் நீங்களே எழுதிக் குடுத்தனீங்கள். எனக்கு மூண்டு மாதம் தர ஏலாதோ?"

வெட்கத்தில் எனக்கு முகம் சுட்டது. அதே மேசையில், அதே பேனாவால் கடிதத்தை எழுதினேன். என் தம்பி பெரியம்மா வீட்டில் இருந்தான், அவனை முழுதாக நம்புகிறேன் என்று எழுதினேன். கையெழுத்துப் போடுமுன் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தேன். நம்பித்தான் எழுதுகிறேனா என்று அவனும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.