ராசப்பன் நாள் சொல்வதில்லை

ஆழ்துளைக் கிணற்றின் மேல் மோட்டார் தூக்கும் முக்காலியை நிறுத்திச் சங்கிலியை இழுத்துக்கொண்டிருக்கும் ராசப்பனுக்கு, தோட்டத்துச் சொந்தக்காரர் கேட்பது காதில் விழாமல் இல்லை. பழுதான மோட்டார் எப்போது திரும்பி வரும் என்று கேட்கிறார். திரும்பத் திரும்பக் கேட்டால்தான் பதில் வரும்.

"கழட்டிக் குடுக்கறனுங்க. நாளு மட்டும் கேக்காதீங்க."

வெள்ளகோவில் வட்டாரத்தில் மோட்டார் தூக்குகிறவர்கள் எல்லாரும், "நாளைக்குக் காலைல ஓடுமுங்க" என்று கூசாமல் சொல்லிவிட்டுப் போகிறவர்கள். ராசப்பன் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை. கடுகடுப்பான ஆள் என்று பெயர். இன்னொரு வழக்கமும் உண்டு. வேலை முடிந்ததும் கைகழுவ யாராவது தண்ணீர் ஊற்ற வந்தால் விலகிக்கொள்வார். மண்ணை அள்ளித் தேய்த்து, கிரீஸ் போனது பாதி, போகாதது பாதியாக வேட்டியில் துடைத்துக்கொண்டு மொபெட்டைக் கிளப்பிவிடுவார்.

முன்பு அவர் கோயமுத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் பிட்டராக இருந்தார். முதலாளி சென்னகிருஷ்ணன் அவரை மலாவிக்கு அனுப்பினார். ஆப்பிரிக்காவில் கரண்ட் எட்டாத கிராமங்களுக்கு, வெயிலில் ஓடுகிற பம்பு மாட்டித்தரும் வேலை. பணம் ஏதோ வெளிநாட்டு உதவித் திட்டத்தினுடையது. ஊருக்கு ஒதுக்கமாக இருக்கும் அவர்கள் காலனியிலிருந்து விமானம் ஏறிய முதல் ஆள் ராசப்பன்தான்.

முதல் ஊரில் பம்பை இறக்கிச் சுவிட்சைப் போட்டதும் தண்ணீர் குழாயை உதறிக்கொண்டு பாய்ந்தது. அதுவரை ஆற்றுக்கு நடந்து நடந்து கால் வெடித்துப்போயிருந்த பெண்கள் பாட்டெடுத்தார்கள். எஸ்நாத் என்கிற பெண் அவர் கையைப் பிடித்து இழுத்து ஆடவைத்தாள். ஆட வராத ராசப்பனும் ஆடினார். மறுநாள் திறப்பு விழா நடந்தது. பந்தல் போட்டு, ரிப்பன் வெட்டி, அதிகாரிகள் பேசிவிட்டுப் போனார்கள்.

கார்கள் கிளம்பிய புழுதி அடங்குவதற்குள் சென்னகிருஷ்ணன் பம்பைக் கழற்றச் சொன்னார். அடுத்த ஊர்த் திறப்பு விழாவுக்கும் அதே பம்புதான் வேண்டுமாம். மற்றவை கப்பலில் வருகின்றனவாம். சனங்களிடம் என்ன சொல்வது என்று ராசப்பன் கேட்டார்.

"நாளைக்கு வரும்னு சொல்லு. அவங்க பாசைல அந்த வார்த்தையாச்சும் கத்துக்கிட்டியா இல்லியா?"

கற்றிருந்தார். "மாவா" என்றார் எஸ்நாத்திடம். அவளும் சிரித்துக்கொண்டு "மாவா" என்றாள். பழுது பார்க்கக் கொண்டுபோகிறார்கள் என்று நினைத்து, பெண்களே குழாய்களைத் தோளில் சுமந்து லாரியில் ஏற்றினார்கள். கடைசியில் எஸ்நாத் ஒரு குடத்தோடு வந்து அவர் கையில் தண்ணீர் ஊற்றினாள்.

ஊர் திரும்பிய பிறகு ஒரே ஒருமுறை இதை மனைவி பூவாத்தாளிடம் சொன்னார். "அது ஆத்துத் தண்ணி, பூவாத்தா. விடியக்காலம் போயித் தூக்கியாந்தது. நான் கைய எடுக்கல. நல்லாத் தேச்சுக் கழுவிப்போட்டுத்தான் லாரி ஏறுனேன்."

அந்த ஒரே பம்பு ஊர் ஊராகத் திறக்கப்பட்டது. ஒவ்வொரு ஊரிலும் ராசப்பன்தான் மாட்டினார், அவரே கழற்றினார். கடைசியாக, அந்தப் பக்கத்துப் பெரிய மனிதர் ஒருவரின் மக்காச்சோள மில்லுக்குப் பக்கத்தில் அது நிரந்தரமாக நின்றது. கப்பல் வரவே இல்லை. ஒருநாள் சாப்பாட்டு மேசையில், எல்லார் முன்னாலும், கப்பல் எங்கே என்று ராசப்பன் கேட்டுவிட்டார். அந்த வாரமே அவரை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

விமான நிலையத்துக்குப் போகிற வழியில் அந்த முதல் ஊர் வந்தது. ஆற்றிலிருந்து குடங்களோடு வந்துகொண்டிருந்த பெண்கள் லாரியை அடையாளம் கண்டு கையசைத்தார்கள். ராசப்பன் சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டார்.

போன வாரம் சென்னகிருஷ்ணனின் மகன் உதய் காலனிக்கு வந்தான். இப்போது கம்பெனி அவன் பொறுப்பில் இருக்கிறது. வேறொரு ஆப்பிரிக்க நாட்டில் புது வேலை எடுத்திருப்பதாகவும், அனுபவப்பட்ட ஆள் வேண்டும் என்றும் பணிவாகத்தான் பேசினான். அப்பா காலம் மாதிரி இல்லை, பம்பெல்லாம் முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிட்டது என்றான்.

"அதுல ஒண்ணு எஸ்நாத் ஊருக்குக் குடுப்பீங்களா?" என்று ராசப்பன் கேட்டார்.

உதய்க்கு அது எந்த ஊர் என்று புரியச் சற்று நேரமாயிற்று. "ஓ, மலாவியா? அங்கெல்லாம் வேலை முடிஞ்சுதுன்னு சர்டிபிகேட்டே வாங்கியாச்சுங்ணா."

காலனிக் குழாயில் தண்ணீர் வராமல் ஒரு வாரமாகிறது. இருந்தாலும் வந்தவனை வெறுமனே நிறுத்திவைக்க மனமில்லாமல், பூவாத்தாள் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"இருக்கட்டுங்க்கா, கார்ல பாட்டில் இருக்குது" என்றான் உதய்.

ராசப்பன் எட்டி அந்தச் சொம்பை வாங்கினார். உதய்யின் முகத்தைப் பார்த்தபடியே, ஒரு மடக்கு மிச்சமில்லாமல் குடித்து முடித்தார். பிறகு பூவாத்தாளை உள்ளே விட்டு, தானும் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.