கிரீடச் சின்னத்தை அடையாளம் கண்ட எங்கள் அக்கா

அக்கா இறைவனடி சேர்ந்து ஓராண்டு ஆகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்திருக்கும் உங்களுக்கு, அவருடைய தம்பியாகச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

காரிமங்கலம் பக்கத்தில் மானாவாரி விவசாயக் குடும்பத்தின் மூத்த மகளாகப் பிறந்தார். அப்பா சீக்கிரமே காலமானதால், நர்சிங் படித்து ராணுவ மருத்துவமனையில் சேர்ந்து, அந்தச் சம்பளத்தில் எங்களைப் படிக்க வைத்தார். காயம்பட்டு வரும் வீரர்களின் சட்டையிலிருந்த படைப்பிரிவுச் சின்னங்களை அங்கேதான் கற்றுக்கொண்டார். "பேரு கேட்டா பதில் வராது. பட்டாளத்துப் பேரச் சொன்னா கண்ணத் தொறப்பாங்க" என்பார்.

ஓய்வுபெற்று ஊர் திரும்பிய பிறகு ஒரு சந்தை நாளில், பேருந்து நிலையத்தில் கோட்டு அணிந்த முதியவர் ஒருவர் திகைத்து உட்கார்ந்திருந்தார். பெயரும் ஊரும் அவருக்கு நினைவில்லை. கோட்டில் சிறிய பித்தளைப் பின் ஒன்று இருந்தது.

"மிலிட்டரிக்காரர் போலங்க. விசாரிச்சுட்டோம், ஓய்வுபெற்றவங்க யாரும் காணாமப் போகலையாம். சாயந்தரம் சேலத்துல ஹோமுக்கு அனுப்பறோம்" என்றார் காவலர்.

அக்கா குனிந்து பின்னைப் பார்த்தார். "இது பாலம் போடற பிரிவோட சின்னம். மேல கிரீடம் இருக்குது பாருங்க. குடியரசு ஆனதும் கிரீடத்த எடுத்துட்டு நம்ம சிங்கத்த வெச்சுட்டாங்க. அப்ப இவரு சின்னப் புள்ளையா இருந்திருப்பாரு. இவருக்கு எழுபது வயசுதான் இருக்கும். இது இவரோடது இல்லீங்க, இவங்கப்பாவோடது. அப்பா யாருன்னு தேடுங்க, மவன் யாருன்னு தெரிஞ்சிரும். அதுவரைக்கும் எங்க வூட்டுல இருக்கட்டும், நான் பொறுப்பு."

அந்தப் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு, பின்னையும் முதியவரின் முகத்தையும் படமெடுத்து அனுப்பினார். அது பழைய வீரர்களின் குடும்பங்கள் வரை பரவி, மறுநாள் கோலார் பக்கமிருந்து ஒரு பெண் அழைத்தார். கன்னடமும் தமிழும் கலந்து பேசி அழுதார்.

"எங்க மாமனாருங்க! அவங்கப்பாவோட பின்ன குத்தாம வெளிய கெளம்ப மாட்டாருங்க. நல்லா இருக்காருங்களா?"

"இட்லி சாப்பிடறாரும்மா. பதறாம வாங்க" என்றார் அக்கா.

புற்றுநோய் வந்தபோதும் அவர் குரல் தளரவில்லை. ஊசி போடத் தயங்கிய இளம் செவிலியரிடம், "பயப்படாத கண்ணு, சரியாத்தான் புடிச்சிருக்க" என்று தைரியம் சொன்னார்.

அவரைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், முறை வைத்துச் சோறு கொண்டு வந்த அண்டை வீட்டாருக்கும், பங்குத்தந்தைக்கும் எங்கள் நன்றி. அடக்கத்தன்று கோலாரிலிருந்து அந்த முதியவரை மருமகள் அழைத்து வந்திருந்தார். யாருடைய அடக்கம் என்பது அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் வெயிலில் எங்களோடு கல்லறைத் தோட்டம் வரை நடந்து வந்தார். அவருக்கும் எங்கள் நன்றி.