பெரியம்மாவுக்குச் சொன்ன படம்

எங்கள் ஊர் செலண்டாரின் கோயில் மண்டபத்தில் மாதம் ஒரு முறை யாராவது ஓர் அறிஞரைப் பற்றிப் பேசுவார்கள். நான் ஒரு பிரெஞ்சுத் தத்துவவாதியைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். கத்தி செய்கிறவரின் மகன். எழுதியதற்காகச் சிறைக்குப் போனவர். ஓவியக் கண்காட்சிகளுக்குப் போய், அங்கே வர முடியாத தூரத்து வாசகர்களுக்குப் படங்களை எழுத்திலேயே காட்டியவர். பிடிக்காத படத்தைச் சும்மா விடமாட்டார். தோட்டத்தில் ரப்பர் மரம் வெட்டிப் பால் எடுத்த வேலையை விட்டபின், குருபோங் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிற பஸ்ஸில் ஒரு வருடம் அவரைப் படித்துக் குறிப்பெடுத்திருந்தேன்.

மண்டபத் தலைவர் என் தாள்களைப் புரட்டாமலே திருப்பித் தந்தார். "மரம் வெட்டுன ஆளுக்குப் பிரெஞ்சுக்காரன் என்னத்துக்குமா? சமையல் பத்திப் பேசுங்கலா."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறக்கவில்லை.

ஏழு மாதம் கழித்து மண்டபச் சுவரில் தோட்டத்து வாழ்க்கையைப் பெரிதாக வரையவைத்தார் தலைவர். நடுவில் ரப்பர் மரம் வெட்டுகிற ஆள், முகம் தலைவருடையது. அவர் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் வீட்டுப் பிள்ளை, பால்வெட்டுக் கத்தியைத் தொட்டதே இல்லை. திறப்பு நாளில் கூட்டம் நிரம்பியிருந்தது. பெண்கள் சார்பில் யாராவது பேசுங்கள் என்று மைக்கை நீட்டினார். எழுந்தேன்.

முன்வரிசையில் நியாலாஸ் தோட்டத்துப் பெரியம்மா. ஆயுசில் பாதி மரம் வெட்டியவர், இப்போது கண் தெரியாது. "பெரியம்மா பாக்க முடியாது. நான் பாத்துச் சொல்றேன்," என்றேன். பிரெஞ்சுக்காரர் செய்த வேலையும் அதுதானே.

வானத்தைச் சொன்னேன், மர வரிசையைச் சொன்னேன்.

"மரத்துல வெட்டுக்கோடு எப்படிப் போட்டிருக்கான்?" என்றார் பெரியம்மா.

"சாய்வா. இடது பக்கம் மேல, வலது பக்கம் கீழ."

"சரிதான். பால் பிடிக்கிற மங்கு?"

"மேல் முனையில, பெரியம்மா."

"அப்ப பாலு மேல ஏறுமா?"

பின்வரிசையில் சிரிப்பு கிளம்பியது.

"வெயில் எப்படி?"

"உச்சி வெயில். நிழல் காலடியில கிடக்கு."

"விடியல்ல வெட்டுனா அந்நேரத்துக்குப் பாலே நின்னுருக்குமே. யாரு அந்த ஆளு?"

"நம்ம தலைவர்தான்."

"அப்ப சரி," என்றார் பெரியம்மா.

மண்டபம் அடங்க வெகுநேரம் ஆனது. தலைவரின் முகத்தை நான் நிதானமாக, ஓவியத்தைப் பார்க்கிற மாதிரியே பார்த்தேன். பாவம் என்று தோன்றவில்லை, இன்றுவரை.

சாப்பாட்டுப் பந்தியில் பக்கத்தில் வந்து நின்றார். "அடுத்த மாசம் அந்தப் பிரெஞ்சுக்காரனப் பத்திப் பேசுங்களேன்மா."

"வேணாம் தலைவரே," என்றேன். "பேசிட்டேன்."