தண்ணீர் டாக்டரின் கணவன்

எங்கள் வீட்டு அழைப்புமணி அடித்துக் கதவைத் திறந்தால், வெளியே நிற்பவர் என் கையைக் குலுக்கி, "டாக்டர்?" என்பார். நெதர்லாந்தின் வடக்கே, எந்நேரமும் தூறிக்கொண்டிருக்கும் இந்தப் பல்கலைக்கழக ஊருக்கு வந்த புதிதில் எனக்கு அது பெரிய விசித்திரம். கதவில் 'டாக்டர்' என்று எழுதியிருந்தது என் மனைவி ஸ்டெல்லாவின் பெயருக்கு முன்னால். நான் பாறசாலையில் பம்ப்செட் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருந்த ஜஸ்டின். பக்கத்து வீட்டு மரீகே அம்மாள் ஒருநாள் வீங்கிய முழங்காலோடு வந்துவிட்டார். தெரிந்த நாலு டச்சுச் சொற்களை வைத்து, "டாக்டர் என் மனைவி. ஆட்களுக்கு இல்லை, தண்ணீருக்கு" என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, தன் வீட்டுக் குழாய் ஒழுகுவதைச் சொல்லத் தொடங்கினார். அது என்னால் முடிகிற காரியம். ஸ்பானரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அன்று முதல் நாங்கள் சிநேகிதர்கள்.

மரீகேயைக் குறை சொல்ல முடியாது. தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் பெண் பார்க்கப் பெருங்கடவிளைக்குப் போனபோது எங்களுக்கும் அதே குழப்பம்தான். "பிள்ளைக்கு வெளிநாட்டில, தண்ணிக்க மேல பரவுற எண்ணெயில ஆராய்ச்சியாக்கும்" என்றார் ஸ்டெல்லாவின் சித்தப்பா. என் அம்மா முகம் மலர்ந்து, "அப்பம் துபாயிலயா?" என்றாள். ஸ்டெல்லா சிரித்துவிட்டாள். எழுந்து போய் அகலமான தட்டில் தண்ணீர் கொண்டுவந்து வைத்து, மேலே முகப்பவுடரைத் தூவினாள். சோப்பு தொட்ட விரலை நடுவில் வைத்ததும் பவுடர் முழுவதும் விளிம்புக்கு ஓடியது. "அய்யோ, ஓடிப்போச்சே!" என்று அம்மா நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள்.

"சோப்பு ஒரே ஒரு மூலக்கூறு கனத்தில விரிஞ்சு பவுடரைத் தள்ளுது. அந்தப் படலத்தைக் கண்ணால பாக்க ஒக்காது," என்றாள் ஸ்டெல்லா. "அதனால கம்ப்யூட்டருக்குள்ள கொஞ்சம் தண்ணியும், அதுக்க மேல கொஞ்சம் மூலக்கூறும் உண்டாக்குவேன். ஒண்ணை ஒண்ணு எப்பிடித் தள்ளுது, எப்பிடி இழுக்குதுன்னு கணக்குப் போட்டு ஓட விடுவேன். அதாக்கும் எனக்க வேலை." பிறகு நேராக என்னைப் பார்த்தாள். "நான் திரும்பிப் போவேன். கூட வாறதுக்குச் சம்மதம் உண்டா?"

எங்கள் பக்கத்தில் பெண்டாட்டியின் பின்னால் ஊர் விட்டுப் போகிற ஆண்பிள்ளையை யாரும் பார்த்ததில்லை. சித்தப்பா கனைத்தார். தட்டையே பார்த்துக்கொண்டிருந்த நான், "தண்ணிக்க மேல உள்ளது எனக்குத் தெரியாது. தண்ணிய மேல ஏத்துறது தெரியும். வாறேன்" என்றேன். முதலில் சிரித்தவள் அம்மாதான்.

இங்கே வந்தபின்தான் அவள் பாடு எனக்குப் புரிந்தது. அவளுடைய மூலக்கூறுகளுக்குத் தலையும் நீண்ட வாலும் உண்டு. தலை தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், வால் காற்றில் நிற்கும். நெருக்கிவைத்தால் வால்கள் எல்லாம் ஒரே திசையில் சாய வேண்டும்; சோதனைக்கூடங்களில் அப்படித்தான் கண்டிருக்கிறார்கள். அவளுடைய கம்ப்யூட்டரிலோ, கல்யாணப் பந்தி முடிந்து எழுந்த கூட்டம்போல ஆளுக்கொரு பக்கம் சாய்ந்தன. வசந்தத்தோடு அவளுடைய வேலை ஒப்பந்தம் முடிகிறது. படலம் சரியாக நிற்காவிட்டால் நீட்டிப்பு இல்லை. அவள் ஜெயிக்க வேண்டும் என்று தினமும் ஜெபித்தேன். தோற்றால் ஊரில் பொழியூர் மத்தி மீனும் என் கடையும் காத்திருக்கின்றன என்ற நினைப்பும், கூப்பிடாமலே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

படலத்தை மிகச் சிறியதாக வைத்துவிட்டோமோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. இன்னும் நிறைய மூலக்கூறுகளைச் சேர்த்து, பெரிய பரப்பாக்கி, மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள். வாரக்கணக்கில் ஓடியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நேராக ஆய்வகத்துக்குப் போனோம். திரையில் வால்களெல்லாம் பச்சைக் குச்சிகளாக வரிவரியாக நின்றன. அவள் என் கையை இறுக்கினாள். "பாத்தியளா! எல்லாம் ஒரே பக்கமாட்டு சாஞ்சிருக்கு!" எனக்கு அது ஜெபத்துக்குத் தலைகுனிந்த சபையைப் போலத் தெரிந்தது. ஆளில்லாத ஆய்வகத் தாழ்வாரத்தில் நாங்கள் ஆடிய ஆட்டத்தை விவரிக்க மாட்டேன். மறந்துவைத்த குடையை எடுக்க வந்த அவளுடைய பேராசிரியர் திரையைப் பார்த்து நின்றார். படத்தைத் திருப்பச் சொன்னார், மறுபடி திருப்பச் சொன்னார். கடைசியில், "மோய்" என்றார். கல்யாண வீட்டு மொய் இங்கேயும் உண்டுபோல என்று நினைத்தேன். அழகு என்று பொருளாம்.

ஒப்பந்தம் நீண்டது. சேதி கேட்டு மரீகே ஆப்பிள் கேக்கோடு வந்த அதே நேரத்தில் பாறசாலைக்கு போன் கிடைத்தது. சொல்லிவைத்தபடி அம்மா எஸ்.டி.டி. பூத்தில் வந்து நின்றாள். விஷயத்தைச் சொன்னதும் பூத்தில் இருந்தவர்களிடமெல்லாம், "எனக்க மருமவ ஜெயிச்சிட்டா!" என்று அவள் கூவுவது கேட்டது. அப்புறம் குரல் தணிந்தது. "அப்பம் இனி இப்பம் வரமாட்டிய, என்ன மக்கா? செரி, இருங்க. அங்க தணுப்பு உண்டாலே?" அதே நொடியில் மரீகே சமையலறையிலிருந்து, வீட்டில் காப்பித்தூள் இருக்கிறதா என்று டச்சில் கேட்டார். நான் போனில் அம்மாவுக்கு டச்சில், "யா, யா" என்றேன். சமையலறைப் பக்கம் திரும்பி, "உண்டு, உண்டு" என்றேன். மரீகே அலமாரியைத் திறந்து காப்பித்தூளை எடுத்துக்கொண்டார். கம்பளிச் சட்டை போட்டுக்கொள்ளச் சொன்னாள் அம்மா.