தன் சூப்பைக் குடிக்காத பூன் லாய்

பூன் லாய் விற்கும் இறால் மீ என்ற நூடுல்ஸ் சூப்புதான் பினாங்கு ஜார்ஜ்டவுனிலேயே சிறந்தது என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அது நல்ல மீ. காலையில் அதைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனவர்கள் பகல்வரை யார்மீதும் எரிந்து விழாமல் இருந்தார்கள். ஒரு சாப்பாட்டைப் பற்றி இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

எங்கள் சந்தின் முக்கில் யாப் தவுக்கேயின் கோப்பிக்கடை. மேசைகளும் பானங்களும் கடை முதலாளியான தவுக்கேயுடையவை. அஞ்சடி என்ற கடைமுன் நடைபாதையோரம் நிற்கும் சாப்பாட்டு அங்காடிகள் மற்றவர்களுடையவை. அதில் இடது ஓரத்து அங்காடி பூன் லாயுடையது. விடிவதற்கு முன்பே வந்து இறால் தலையையும் ஓட்டையும் சிவக்க வறுத்து, பன்றி எலும்போடு சேர்த்துக் கொதிக்க விடுவார். அவர் மனைவி கெய்க் சிம் பக்கத்தில் நின்று கங்கோங் கீரையை வாட்டி, முட்டையை நறுக்கி, மிளகாய்ச் சாந்து வைத்துக் கிண்ணங்களை நிரப்புவார். பிள்ளைகள் இல்லை. சண்டை இருந்தது, ஆனால் அது சூப்பு கொதிக்கும் நேரத்தோடு முடிந்துவிடும்.

ஒரு மழைக்காலத்தில் கெய்க் சிம்முக்கு மூக்கில் ரத்தம் வந்தது. பிறகு கழுத்தில் கட்டி தட்டியது. மூக்கின் பின்பக்கம் புற்றுநோய் என்றார்கள். எங்கள் பக்கத்துச் சீனக் குடும்பங்களுக்கு அது புதிய நோயல்ல. வீட்டுக்கு ஒருவராவது அதில் போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் பூன் லாய் மனைவியைப் பேருந்தில் ஏற்றி அனுப்பிவிட்டுக் கருணைத் தெய்வமான குவான் யின் கோயிலுக்குப் போனார். ஊதுவத்தியைப் பிடித்துக்கொண்டு, இவள் பிழைத்தால், இவள் இருக்கும்வரை மீனோ இறைச்சியோ என் நாக்கில் படாது என்று வேண்டிக்கொண்டார்.

அவர் மாதிரி வேண்டிக்கொள்பவர்கள் இங்கே நிறைய. பெரும்பாலும் மாட்டிறைச்சியை விடுவார்கள், அல்லது அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சைவம் சாப்பிடுவார்கள். இறால் சூப்பை விற்றுப் பிழைக்கும் மனிதர் மொத்தத்தையும் விட்டது யாப் தவுக்கேக்குப் பொறுக்கவில்லை.

"எல்லாரும் மாட்டோட நிறுத்திக்கிறாங்க. நீ எதுக்குய்யா சொந்தக் கடையையும் சேத்து விட்டே?"

"பேரம் பேச வேணாம்னு பார்த்தேன்," என்றார் பூன் லாய்.

மருத்துவமனையில் கழுத்துக்குக் கதிர்வீச்சு வைத்தார்கள். அங்காடி மூடிக் கிடந்தது. கெய்க் சிம் பிழைத்தார். பாதி உடம்பாக, கழுத்துத் தோல் கருத்து, எப்போதும் கையில் தண்ணீர்ப் போத்தலோடு, சீனப் புத்தாண்டு முடிந்ததும் கடைக்கு வந்து நின்றார். எச்சில் ஊறுவது நின்றுவிட்டதால் நாலு வார்த்தைக்கு ஒரு மடக்குத் தண்ணீர் வேண்டியிருந்தது.

முதல் நாள் சூப்பு கொதித்ததும் பூன் லாய் ஒரு கரண்டி எடுத்து ஊதி அவரிடம் நீட்டினார். தன்னால் ருசி பார்க்க முடியாது, இனி நீதான் பார்க்க வேண்டும் என்றார். கெய்க் சிம் உறிஞ்சினார், கண்ணை மூடினார், தலையை ஆட்டினார். கொஞ்சம் உப்பு வேண்டும் என்று தானே ஒரு சிட்டிகை போட்டார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு நாக்கு மிச்சமிருக்கிறது என்று தவுக்கே சொல்லிச் சிரித்தார். அன்றைக்கு எல்லோருக்கும் அது நல்ல செய்தியாகத்தான் இருந்தது.

நாளாக ஆக ஒரு சிட்டிகை இரண்டாயிற்று, பிறகு கைப்பிடி ஆயிற்று.

பூன் லாய் ருசி பார்க்கவில்லையே தவிர, கிண்ணங்களைக் கழுவுபவர் அவர்தான். இங்கே இறால் மீ சாப்பிடுகிறவர்கள் மீயை மிச்சம் வைத்தாலும் வைப்பார்கள், சூப்பை வைக்க மாட்டார்கள். கிண்ணத்தைத் தூக்கிக் கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு எழுவார்கள். அந்தக் கிண்ணங்கள் இப்போது சூப்போடு திரும்பி வந்தன. வழக்கமாக வரும் காலைக்காரர்கள் சிலர் தவுக்கேயிடம் வெந்நீர் வாங்கிக் கலந்துகொண்டார்கள். சிலர் கெய்க் சிம் பார்க்காதபடி அடுத்த தெருவுக்குப் போனார்கள். முகத்துக்கு நேரே யாரும் சொல்லவில்லை. நோயிலிருந்து எழுந்து வந்த பெண்ணிடம் உப்பு அதிகம் என்று எப்படிச் சொல்வது?

தவுக்கே ஒருநாள் பூன் லாயைத் தனியே அழைத்துப் பேசினார். தினமும் காலையில் தானே ஒரு வாய் குடித்துப் பார்த்துச் சொல்வதாகவும், அண்ணிக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொன்னார். பூன் லாய் ஒத்துக்கொள்ளவில்லை. கெய்க் சிம்மால் இப்போது சட்டியைத் தூக்க முடியாது, வெயிலில் நிற்க முடியாது, சத்தமாகப் பேசக்கூட முடியாது. கடையில் அவருக்கென்று மிச்சமிருப்பது அந்தக் கரண்டி ஒன்றுதான். அதை இன்னொருவர் வாங்கிக்கொண்டால் அவர் எதற்காக எழுந்து வருவார்?

"அப்ப நீயே பாரு. நாக்குல வச்சிட்டுத் துப்பிடு. துப்பினா சாப்பிட்டதா?"

தவுக்கேயின் இந்தக் கேள்வி கோப்பிக்கடையில் பல நாள் ஓடியது. மோந்து பார்ப்பதே பாதிச் சாப்பாடுதான், அதை இவன் தினமும் செய்கிறான் என்று ஒருவர். சாமிக்கு வயிறுதான் கணக்கு, நாக்கு இல்லை என்று இன்னொருவர். ஆனால் பூன் லாய் வேண்டிக்கொண்டது நாக்கைச் சொல்லித்தான். கடைசியில் கோயிலுக்கே போய்க் கேட்டுவிட்டு வந்தார். பிறை வடிவ மரத்துண்டுகள் இரண்டைக் கீழே போட்டுக் கேட்பது இங்கே வழக்கம். ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்தால் சம்மதம். இரண்டும் கவிழ்ந்தால் மறுப்பு. இரண்டும் மல்லாந்தால் சாமி சிரிக்கிறது என்று அர்த்தம்.

"என்னாச்சு?" என்றார் தவுக்கே.

"ரெண்டு தடவை சிரிச்சுது. மூணாவது, வேணாம்னுடுச்சு."

"துப்பிடறேன்னு சொன்னியா?"

"அதுக்குத்தான் சிரிச்சுது."

ஜூலை பிறந்தது. விளக்குக் கம்பங்களில் கலைவிழாக் கொடிகளைக் கட்டினார்கள். வருஷா வருஷம் நடப்பதுதான். வாரக்கணக்கில் பழைய கிடங்குகளில் நாட்டியம், கார் நிறுத்தும் இடத்தில் நிழற்பொம்மை, துறைமுகப் பக்கம் மேளம். எங்களுக்கு அதில் கிடைப்பது வண்டி நிறுத்த இடமில்லாத தொல்லையும் மாலை வியாபாரமும்.

விழாக் குழுவில் ஹுய் மின் என்ற பெண் கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தாள். ஒரு மாலை எங்கள் சந்தை அடைத்து அங்காடிக்காரர்களைச் சமைக்க வைப்பது, நடுவில் நாட்டியக்காரர்கள் சமைக்கிறவர்களின் கையசைவுகளையே ஆடிக் காட்டுவது என்பது அவள் யோசனை. உள்ளூர்க்காரர்கள் விரும்பிச் சாப்பிடும் இடங்கள் என்று விழாத்தாளில் அச்சடித்தபோது பூன் லாயின் பெயரை முதலில் போட்டாள். அதற்குள் உள்ளூர்க்காரர்களில் பாதிப் பேர் அடுத்த தெருவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? கெட்டிக்காரப் பெண்தான், கேட்க வேண்டியவர்களைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஒருநாள் காலையில் கெய்க் சிம் சூப்பை ருசி பார்ப்பதை அவள் படம் பிடித்துக்கொண்டாள். திரும்பச் செய்யச் சொல்லி மறுபடியும் பிடித்தாள். கெய்க் சிம்முக்கு அது பெரிய சந்தோஷம். விழாவுக்கென்று நீல நிறச் சட்டை தைத்துக்கொண்டார், கழுத்தை மறைக்கும்படி.

விழா மாலையில் சந்து நிறைந்துவிட்டது. வெளியூர்க்காரர்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள், படமெடுத்தார்கள், பிரமாதம் என்றார்கள். உறைப்பும் உப்புமாக நாக்கைப் பிடுங்கும் சூப்பை அவர்கள் பினாங்கின் ருசி என்று எடுத்துக்கொண்டிருக்க வேண்டும். காலைக்காரர்களும் வந்திருந்தார்கள், கெய்க் சிம்முக்காக. தவுக்கே அவர்கள் மேசைகளுக்கு வெந்நீர்க் கூஜாவைச் சத்தமில்லாமல் அனுப்பிக்கொண்டிருந்தார்.

பிறகு மேளம் தொடங்கியது. நாட்டியக்காரர்களில் ஒருவன் மீயை அலசினான், ஒருத்தி கத்தியால் நறுக்கினாள். கடைசியாக ஒரு பெண் தனியே நடுவில் வந்து நின்றாள். கையில் ஒன்றுமில்லை. இல்லாத கரண்டியை உதட்டுக்குக் கொண்டுபோனாள். ஊதினாள். உறிஞ்சினாள். கண்ணை மூடினாள். வெகுநேரம் அப்படியே இருந்துவிட்டுத் தலையை மெல்ல ஆட்டினாள்.

வெளியூர்க் கூட்டம் கைதட்டியது. நன்றாகத்தான் ஆடினாள், கெய்க் சிம் தோளைக் குறுக்குவதுகூட அதில் இருந்தது.

காலைக்காரர்கள் தட்டவில்லை. தட்டக் கூடாது என்று யாரும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. அந்தத் தலையாட்டல் வந்ததும் அவர்களுக்கு மேசையைப் பார்க்கத்தான் தோன்றியது. ஒருவர் கூஜாவைக் காலடியில் நகர்த்தினார். கெய்க் சிம் அடுப்பின் பக்கத்திலிருந்து அவர்களைப் பார்த்தார், ஒவ்வொரு மேசையாக. யார் கிண்ணத்தில் சூப்பு வெளுத்திருக்கிறது என்பதும் அவர் கண்ணில் பட்டிருக்கும்.

திரும்பிச் சட்டியில் ஒரு கரண்டி மொண்டு பூன் லாயிடம் நீட்டினார்.

"நீ பாரு."

"நான் பார்க்கக் கூடாது. உனக்குத் தெரியுமே."

"எனக்கு ஒண்ணும் தெரியல லாய். எரியுது, அவ்வளவுதான். ஆஸ்பத்திரிலேருந்து வந்த நாளா இப்படித்தான். உப்பு போட்டுப் போட்டுப் பார்த்தேன், ஏதாவது ஒருநாள் தெரியும்னு."

பூன் லாய் கரண்டியை வாங்கிச் சட்டியிலேயே கவிழ்த்தார்.

"தெரியும்," என்றார்.

அவர் அந்த வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். இல்லை, ஆச்சரியப்பட்டதுபோல் காட்டியிருக்கலாம். அவருக்கு அது வரவில்லை.

"எப்போலேருந்து?"

"ரொம்ப நாளா."

கெய்க் சிம் போத்தலை எடுத்து ஒரு மடக்குக் குடித்தார். குடிக்காமல் அவரால் பேச முடியாது.

"தெரிஞ்சுக்கிட்டே தினமும் என் கையில கரண்டியக் குடுத்தியா?"

"உனக்கு அது வேண்டியிருந்துச்சு."

"எனக்குன்னு ஒருத்தன்தான் இருந்தான். நான் பொய் சொன்னா, என்ன இப்படி உப்பா இருக்குன்னு கேக்கறதுக்கு."

கெய்க் சிம் அவர் கையிலிருந்த கரண்டியை வாங்கிக் கழுவும் தொட்டியில் போட்டுவிட்டு, போத்தலை எடுத்துக்கொண்டு அஞ்சடி வழியாக வீட்டுக்கு நடந்தார். வரிசையில் நின்றவர்கள் அவருக்குக் களைப்பு என்று நினைத்தார்கள். ஹுய் மின் ஓடிவந்து நாற்காலி வேண்டுமா என்று கேட்டாள். பூன் லாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த கிண்ணத்தை நிரப்பினார். அந்த மாலை சட்டி காலியாகும்வரை விற்றார்.

அதன்பிறகு கெய்க் சிம் கடைக்கு வரவில்லை. தவுக்கேதான் காலையில் ஒரு வாய் குடித்துப் பார்த்துச் சொல்கிறார். சூப்பு பழையபடி ஆகிவிட்டது. போனவர்களில் பலரும் திரும்பி வந்துவிட்டார்கள். பரிசோதனைக்குப் போகும்போதெல்லாம் நோய் திரும்பவில்லை என்கிறார்கள் மருத்துவர்கள்.

வேண்டுதலைத் திரும்ப எடுத்துக்கொள்ளும்படி கெய்க் சிம் ஒருமுறை கேட்டதாகத் தவுக்கே சொன்னார். தனக்கு அது வேண்டாம், கோயிலில் போய்ச் சொல்லிவிட்டு வா என்றாராம். பூன் லாய் போகவில்லை. கெய்க் சிம் உயிரோடு இருப்பதே அதனால்தான் என்று பூன் லாய் நம்புகிறார், அதை எப்படி விடுவார்? ஒருவருக்காக நாம் எதையாவது விடும்போது அவரைக் கேட்டுவிட்டு விடுவதில்லை. அதனால் அதைத் திருப்பிக் கொடுக்கவும் அவருக்கு வழியில்லாமல் போகிறது. அன்பு என்று இதைச் சொல்லத்தான் வேண்டும், வேறு பெயர் தெரியாததால்.

மாலையில் பூன் லாய் வீட்டுக்குப் போகும் வழியில் கடைகளின் முன்னால் நின்று நின்று போகிறார். என்ன வேண்டும் என்று போனில் கேட்பார். சாப்பிட்டாயா என்பதையே வணக்கமாகச் சொல்லும் ஊரில், எதுவானாலும் சரி என்பார் கெய்க் சிம். கடைசியில் பூன் லாய் தன் சைவக் கஞ்சியையே அவருக்கும் சேர்த்துக் காய்ச்சிவிடுகிறார். கெய்க் சிம்முக்கு எல்லாம் ஒன்றுதான். தொண்டையில் இறங்கினால் போதும்.

நான் ஒருமுறை கெய்க் சிம்முக்கு மருந்து கொடுக்கப் போனபோது இருவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரே சட்டி, இரண்டு கிண்ணம். பூன் லாய் உப்பைப் பார்த்துப் போட்டார். இந்தக் கஞ்சியை அவர் ருசி பார்க்கலாம். கெய்க் சிம் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் குடித்தார். எப்படி இருக்கிறது என்று பூன் லாய் கேட்கவில்லை. கேட்டால் இப்போது கெய்க் சிம் உண்மையைச் சொல்லிவிடுவார்.