வால் மோட்டாருக்கு வாங்கிய ஸ்பானர்கள்

"ஏட்டி, இதெல்லாம் உங்க அப்பன் மேடிச்சதா, எடுத்ததா?"

விலைக்கு வாங்கியதா, களவெடுத்ததா என்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளை கேட்டபோது குலசேகரத்தில் எங்கள் மளிகைக் கடைக்குள் கருவாட்டு வாசமும் கருப்பட்டி வாசமும் எப்போதும்போல் இருந்தன. அவற்றுக்கு மேலே மண்ணெண்ணெய் வாசம் ஏறி நின்றது. மண்ணெண்ணெய் அப்படி மணத்தால், அப்பா பின்கட்டில் படகு மோட்டாரைக் கழுவியிருக்கிறார் என்று எங்கள் தெருவுக்கே தெரியும். வெற்றிலை வாங்க வந்த கணக்கப்பிள்ளை அந்த வாசத்தைப் பிடித்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்து, மரப்பெட்டியில் கிடந்த ஸ்பானர்களில் ஒன்றை இரண்டு விரலால் செத்த எலியைத் தூக்குவதுபோலத் தூக்கிப் பிடித்திருந்தார். அப்பா வெளியே போயிருந்தார். கோடை விடுமுறைக்குப் பள்ளிப் போர்டிங்கிலிருந்து வந்திருந்த நான்தான் கல்லாவில் இருந்தேன்.

"மேடிச்சதுதான். வடசேரியில. நானும் கூடப் போனேன்" என்றேன்.

"நீ அவனுக்க மோளு. பின்ன வேற என்ன சொல்லுவே?"

தோட்டத்து ரப்பர்த் தொழிற்சாலையில் ரோலர்களைக் கழற்றுகிற ஸ்பானர்கள் சில காணாமற் போய்விட்டன என்றும், இந்தச் சுற்றுவட்டாரத்தில் மோட்டார் வைத்திருக்கும் கடைக்காரன் உங்கள் அப்பன் ஒருவன்தான் என்றும், ஸ்பானர் தேவைப்படுகிறவனிடம்தானே ஸ்பானர் இருக்கும் என்றும் அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். வெற்றிலையை மடியில் செருகிக்கொண்டு முடிவையும் சொன்னார். "நாளைக்கு இந்தப் பெட்டிய அப்படியே தோட்டத்துக்குக் கொண்டுவரச் சொல்லு. இல்லேன்னா அரிசியும் கொண்டுவரண்டாம்."

எங்கள் கடையின் பெரும்பங்கு வியாபாரம் பேச்சிப்பாறை அணைத் தண்ணீருக்கு அக்கரையிலிருந்த அந்தத் தோட்டத்தோடுதான். அரிசி, உப்பு, கருவாடு எல்லாம் அப்பாவின் வள்ளத்தில் அங்கே போகும். அதில் வருகிறதைக் கொண்டுதான் என் படிப்பும் நடந்தது. எங்கள் குடும்பத்தில் எழுத்து என் வழியாகத்தான் முதன்முதலில் உள்ளே நுழைந்தது. தோட்டம் கையை விட்டுப் போனால் அது வந்த வழியே வெளியே போய்விடும் என்பது அன்று எனக்கு நன்றாகவே விளங்கியது.

மோட்டார் எங்களிடம் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தின் பழைய வெள்ளைக்காரத் துரை தம்முடைய படகின் பின்புறத்தில் ஒரு சிறு மோட்டாரை மாட்டி அணைத் தண்ணீரில் ஓட்டுவார். படகுக்குப் பின்னால் தொங்கியதால் தோட்டத்து ஜனங்கள் அதற்கு "வால்" என்று பெயர் வைத்திருந்தார்கள். அவர் சீமைக்குத் திரும்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோதே, அடுத்து வந்த துரை தமக்கென்று புது வால் ஒன்றைக் கொண்டுவந்தார். பழையது ஓடாமல் கொட்டகையில் கிடந்தது. அரிசி இறக்கப் போன அப்பா அதைக் கேட்டாராம். பழைய துரை சிரித்துவிட்டு எடுத்துக்கொண்டு போகச் சொன்னாராம். அந்த வார்த்தையைக் காதால் கேட்டவன் துரையின் சமையற்காரன் ஒருவன்தான். அவனும் துரையோடு போய்விட்டான்.

சாட்சி இல்லாதது ஒரு பக்கம் இருக்க, அந்த மோட்டாரால் அப்பாவுக்கு என்ன லாபம் என்பது ஒருவருக்கும் விளங்கவில்லை. சந்தேகமெல்லாம் அங்கேதான் முளைத்தது. மாலையில் கடையை அடைத்துவிட்டுப் பின்கட்டில் அதைப் பிரிப்பார், கழுவுவார், மறுபடியும் பூட்டுவார். ஞாயிற்றுக்கிழமை வேலை செய்யக் கூடாதென்று தொடமாட்டார், ஆனால் வேதக்கோவிலில் ஆராதனை முடிந்து வந்ததும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டேயிருப்பார். லாபமில்லாமல் ஒரு கடைக்காரன் எதையாவது செய்வானா? காட்டுத் தடியை வெட்டிக் கடத்தப் பார்க்கிறான் என்றார்கள் சிலர். கள்ளநாணயம் அடிக்கிற இயந்திரம் என்றுகூட ஒருவர் சொன்னார். எங்கள் பள்ளியில் ஓய்வு நேரத்தில் ஆசைக்குச் செய்யும் வேலையை "ஹாபி" என்பார்கள். அப்பாவுக்கு இருப்பது அதுதான் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடுப்பை ஊதுவதை நிறுத்திவிட்டு, "அது என்ன தீனம் மக்கா? மருந்து உண்டுமா?" என்றாள்.

ஊர் அப்பாவைச் சந்தேகித்தது. அப்பாவோ ஊரையே சந்தேகித்தார். அரிசி மூட்டை வந்தால் வாய்ப்பக்கத்து அரிசியை அவர் பார்க்கவேமாட்டார். குத்தூசியை மூட்டையின் வயிற்றில் இறக்கி நடு அரிசியை எடுத்துத்தான் பார்ப்பார். தராசை நம்பமாட்டார், படியை நம்பமாட்டார். மோட்டாரின் நட்டுகளை முதலில் குறட்டால் கடித்துக் கழற்றி, அவற்றின் மூலைகள் தேய்ந்து உருண்டுவருவதைக் கண்டு கலங்கிப்போய், இதற்கு ஸ்பானர்தான் வேண்டும் என்று தீர்மானித்தபோதும் அதே மனத்தோடுதான் என்னையும் கூட்டிக்கொண்டு வடசேரிச் சந்தைக்குப் புறப்பட்டார். கழற்றிய நட்டுகளில் மூன்று அவருடைய மடியில் முடிந்திருந்தன.

சந்தையின் ஓரத்தில் ஒரு பூவரச மரத்தின் கீழ் பழைய இரும்புக்காரர் சாக்குகளை விரித்து, அறுந்த சங்கிலியும் பூட்டும் ஸ்பானருமாகக் குவித்துவைத்திருப்பார். அப்பா வாய்ப்பக்கத்தை விட்டுவிட்டுக் கைப்பிடியைத்தான் முதலில் பார்த்தார். பட்டறைக்காரர்களும் தோட்டக்காரர்களும் தங்கள் சாமான்களின் கைப்பிடியில் எழுத்து அடித்துவைப்பது வழக்கம். களவுபோன சாமானில் அந்த இடம் அரத்தால் ராவப்பட்டு மொழுமொழுவென்று இருக்கும். அந்தத் தடத்தை "ராவின பாடு" என்பார் அப்பா. அந்தப் பாடு இருக்கிறதா என்று கட்டைவிரலால் தடவித் தடவி ஒவ்வொன்றையும் தள்ளினார். எண்ணெய் பூசிப் பளபளத்ததையெல்லாம், எதையோ மறைக்கிறது என்று தள்ளினார். வாயைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும் திருகு வைத்த ஸ்பானர் ஒன்றை இரும்புக்காரர் எடுத்து நீட்டி, எல்லா நட்டுக்கும் இது ஒன்றே போதும் என்றார். "எல்லாருக்கும் தலையாட்டுகவன் ஒருத்தனுக்கும் உதவமாட்டான்" என்று அதையும் தள்ளிவிட்டார்.

இரும்புக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "ஓய், நீரு ஸ்பானர் பாக்க வந்தீரா, பொண்ணு பாக்க வந்தீரா?"

"பொண்ணுன்னா ஒரு தடவ பாத்தாப் போதும்" என்றார் அப்பா, தலையைத் தூக்காமல்.

கைப்பிடி தேறியவற்றில் எழுதியிருந்த எண்களை நான் வாசித்தேன். ஒன்றில் எட்டில் மூன்று என்று இருந்தது. அடுத்ததிலும் எட்டில் மூன்று. ஆனால் இரண்டின் வாயையும் சேர்த்துப் பிடித்தால் ஒன்று கன்றுக்குட்டி, மற்றது தாய்ப்பசு. அப்பா எழுந்து நின்றுவிட்டார். "ஒரே நம்பரு, ரெண்டு வாயி! இது கள்ள அடிப்பு! எல்லாரும் வந்து பாருங்க!"

"நம்பரு நானா அடிச்சேன்? சீமையில அடிச்சு வந்தது ஓய்!" என்று இரும்புக்காரரும் எழுந்தார். சந்தை கூடிவிட்டது.

பள்ளிக்கூடத்து மர அடிக்கோலைப் போகிற இடமெல்லாம் கையில் கொண்டுபோவது அப்போது எனக்கு ஒரு பெருமை. இருவர் சொல்வதையும் நம்பாமல் நான் உட்கார்ந்து அளந்தேன். சின்னதன் வாய் சரியாக எட்டில் மூன்று அங்குலம் இருந்தது. பெரியதன் வாயோ ஏறக்குறைய முக்கால் அங்குலம். அப்படியானால் அந்த எட்டில் மூன்று எதனுடைய அளவு? குவியலில் கிடந்த போல்ட்டுகளை எடுத்து எடுத்து அளந்ததில் ஒன்றின் தண்டு சரியாக எட்டில் மூன்று அங்குலத் தடிமன் இருந்தது. அதன் தலையில் பெரிய ஸ்பானர் கச்சிதமாக ஏறி உட்கார்ந்தது. சின்ன ஸ்பானரில் அமெரிக்கா என்று பொறித்திருந்தது, பெரியதில் இங்கிலாந்து என்று. ஒரு தேசத்தார் வாயின் அளவை எழுதியிருக்கிறார்கள், மற்றத் தேசத்தார் போல்ட்டின் அளவை எழுதியிருக்கிறார்கள். எங்கள் மோட்டாரின் தகட்டில் ஓர் அமெரிக்க ஊரின் பெயர் இருந்ததை நான் முன்பே வாசித்திருந்தேன்.

நான் இதைச் சொன்னதும் இரும்புக்காரர், "எம்மாடி, வக்கீலையில்லா கூட்டிட்டு வந்திருக்காரு!" என்றார். கூட்டம் சிரித்தது. எனக்கு உள்ளங்கால்வரை குளிர்ந்தது. அப்பாவோ அதையும் முழுதாக நம்பவில்லை. மடியை அவிழ்த்து நட்டுகளை எடுத்து ஒவ்வொரு வாயிலும் நுழைத்துப் பார்த்த பிறகுதான், பொருந்திய இரண்டு ஸ்பானர்களை வாங்கினார். மூன்றாவது நட்டுக்கு ஒன்றும் அமையவில்லை. கொஞ்சம் சின்ன வாயுள்ள ஒன்றை வாங்கிவந்து, வீட்டில் அதன் வாயை அரத்தால் ராவி அகலமாக்கிக்கொண்டார்.

அந்த ஸ்பானரைத்தான் கணக்கப்பிள்ளை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்திருந்தார்.

மறுநாள் காலை வள்ளத்தில் அரிசி மூட்டைகளுக்கு நடுவே பெட்டி இருந்தது. பின்புறத்தில், ஸ்பானர்களைப் பொருத்திக் காட்ட வேண்டிவரலாம் என்று கொண்டுவந்த, இன்னும் ஓடத் தொடங்காத மோட்டார் பலகையில் மாட்டியபடி தொங்கியது. அப்பா துடுப்புப் போட்டார். நடுத்தண்ணீர் வந்ததும் நான் பெட்டியைத் திறந்து ஸ்பானர்களின் கைப்பிடிகளை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கட்டைவிரலால் தடவினேன். வாங்கும்போது நான் பக்கத்தில்தான் நின்றேன். ஆனாலும் நான் போர்டிங்கில் இருந்த நாட்களில் பெட்டிக்குள் வேறெதுவும் வந்திருக்கலாமே என்று மனம் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பா பார்த்துவிட்டார். நான் கையை இழுத்துக்கொண்டேன். அவர் துடுப்பை நிறுத்தவில்லை.

"பாரு மக்கா, நல்லா பாரு. அப்பன்னு நெனச்சு விட்டுராத" என்றார்.

ராவின பாடு எந்தக் கைப்பிடியிலும் இல்லை.

வள்ளம் அணையும் தோட்டத்துக் கடவில் கணக்கப்பிள்ளை சாக்கு விரித்துக் காத்திருந்தார். ரப்பர்ப் பால் வெட்டுகிறவர்கள் வாளிகளோடு சுற்றி நின்றார்கள். அவர் பெட்டியைக் கவிழ்த்து, நேராக அந்த ஒன்றை எடுத்து உயர்த்திக் காட்டினார். "இந்தா ராவியிருக்கு! எல்லாரும் பாத்துக்கிடுங்க. புதுசா ராவினது, மினுங்குது!"

ஊரையெல்லாம் சந்தேகித்த அப்பா, தம்மைச் சந்தேகித்தால் என்ன சொல்வதென்று ஒருநாளும் யோசித்திருக்கவில்லைபோலும். நான்தான் முன்னால் போனேன்.

"ஐயா, தோட்டத்துக்க எழுத்தை எந்த இடத்துல அடிப்பிய?"

"கைப்பிடிக்க நடுவுல. உனக்கு என்னத்துக்குட்டி அது?"

"ராவியிருக்கது வாயில. கைப்பிடியில பாருங்க, வேற யாருக்கோ உள்ள எழுத்து தொடாம கெடக்கு."

"எழுத்து இல்லாததும் ரெண்டு காணாமப் போயிருக்கு" என்றார் அவர், எங்கள் மற்ற இரண்டிலும் எழுத்து இல்லாததைப் பார்த்த உடனே. அது அந்த நிமிஷத்தில்தான் காணாமற் போயிருக்கும் என்பது என் எண்ணம்.

"அப்படின்னா தோட்டத்துல மீதி உள்ள ஸ்பானரை எல்லாம் கொண்டுவரச் சொல்லுங்க ஐயா. அதுல ஒண்ணாவது எங்க மோட்டாருக்க நட்டுல நிக்குதான்னு பாப்போம். நிக்காத ஸ்பானரை யாராவது களவெடுப்பாவளா?"

இதில் என்ன சூழ்ச்சி இருக்கிறதோ என்று அவர் என்னையும் மோட்டாரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஆள் அனுப்பினார். வந்ததும் அப்பாவைத் தொடவிடாமல் தாமே வேட்டியை மடித்துக் கட்டித் தண்ணீரில் இறங்கினார். முதல் ஸ்பானர் நட்டின்மேல் லொடலொடவென்று சுற்றியது. அதற்குச் சிறியது ஏறவே மறுத்தது. திருப்பிப் போட்டுப் பார்த்தார், அடுத்த நட்டில் பார்த்தார். பால் வெட்டுகிற பெண் ஒருத்தி, "துரைக்க தொப்பிய நம்ம கணக்கப்பிள்ளை போட்டதுபோல இருக்கு!" என்றாள். கரையே சிரித்தது. நான் எங்கள் மூன்றையும் எடுத்துக் கொடுத்தேன். வாய் ராவின அந்த ஒன்று உட்பட மூன்றும் தத்தம் நட்டில் அசையாமல் நின்றன.

கணக்கப்பிள்ளை நனைந்த வேட்டியோடு கரையேறினார். "அப்ப எனக்க ஸ்பானரை எடுத்தவன் யாருட்டி?" என்று, நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவள்போலக் கேட்டார். பிறகு சுமைக்காரர்களைப் பார்த்து, "அரிசிய தூக்குங்கலே" என்றார். ஆனால் மூட்டைகளை வழக்கத்துக்கு மாறாக இரண்டு தடவை எண்ணினார்.

திரும்பும் வழியில் அப்பா கேட்டார். "அவனுக்க ஸ்பானர் நம்ம நட்டுல நிக்காதுன்னு உனக்கு உறுதியாத் தெரியுமா?"

"தெரியாது. தொழிற்சாலை மிஷினெல்லாம் இங்கிலாந்தா இருக்கும்னு ஒரு சந்தேகந்தான்."

அப்பா துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். வள்ளம் கொஞ்ச தூரம் தானாகவே போயிற்று.

அடுத்த விடுமுறைக்கு நான் வந்தபோது மோட்டார் ஓடியது. கயிற்றைச் சுற்றி இழுத்தால் இருமி, புகைவிட்டு, அக்கரை மலை எதிரொலிக்கக் கத்திக்கொண்டு வள்ளத்தைத் தள்ளும். சில வருஷங்கள் அப்படி ஓடிய பிறகு ஒருநாள், பலகையைப் பிடித்திருந்த திருகு தளர்ந்து, மோட்டார் நடுத்தண்ணீரில் விழுந்து முங்கிப்போயிற்று. கணக்கப்பிள்ளை அதைக் கேள்விப்பட்டதும், "விழுந்ததா, வித்ததா?" என்றாராம். அணையில் தண்ணீர் வற்றிய ஒரு கோடையில் அவர் ஆளை விட்டுச் சேற்றில் தேடச் சொன்னார் என்றும் கேள்வி. கிடைக்கவில்லை.

இப்போது தோட்டத்துக்குச் சுற்றுவழியாக லாரி போகிறது. கடவில் வள்ளம் இல்லை. கணக்கப்பிள்ளை வேலையை விட்டு ஊருக்குப் போய்விட்டார். காணாமற் போன ஸ்பானர்கள் கடைசிவரை அகப்படவில்லை. கடையைத் தம்பி பார்க்கிறான். அப்பாவுக்குக் கண்ணில் திரை விழுந்துவிட்டது, அரிசியை விரலால் தடவித்தான் குறை சொல்கிறார். நான் நாகர்கோவிலில் பெண்கள் பள்ளியொன்றில் ஆசிரியை. அன்று புதிதாக வந்த துரையின் வாலும் இப்போது பழையதாகிக் கொட்டகையில் கிடக்கிறது என்று போன மாதம் தெரியவந்தது. நேரில் போய்க் கேட்டேன். துரை கொடுக்கச் சம்மதித்ததும், அந்த வார்த்தையை நாலு பேர் முன்னால் இன்னொரு முறை சொல்லவைத்த பிறகே தூக்கிக்கொண்டு வந்தேன். பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு மேலே பார்த்து, "டீச்சருக்கு இது என்னத்துக்கு?" என்று தினமும் கேட்கிறாள். பதில் சொன்னால் நம்பமாட்டாள் என்பதால் சொல்வதில்லை.

வடசேரியில் அந்தப் பூவரச மரம் இல்லை. பழைய இரும்பை வேறொருவர் வேறோரிடத்தில் விரிக்கிறார். இந்த மோட்டாரின் நட்டுகளைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போய், அவர் முணுமுணுப்பதைக் கேட்டுக்கொண்டே கைப்பிடிகளைத் தடவித் தடவித் தேர்ந்தெடுத்தேன். வரும் வழியில் கொல்லன் பட்டறையில் இறங்கி, ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் என் பெயரின் முதல் எழுத்தைத் தமிழில் அடிக்கச் சொன்னேன். அவர் மேலாக ஒரு தட்டுத் தட்டிவிட்டுத் தந்தார். கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்; யார் ராவினாலும் குழி தெரியும் ஆழத்துக்கு அடித்த பிறகுதான் வாங்கிக்கொண்டு வந்தேன்.